ஷெட் சுவரில் பைப் வைப்பதற்கு முன்

கண்ணு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் முதல் வரியை எழுதினேன். படித்துப் பார்த்தால் பாதி பொய். அப்பா நன்றாக இருக்கிறார். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேற்று மதியம் கடைக்காரர் வீட்டு ஃபோனுக்கு உன் கவிதா கூப்பிட்டாள். பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது, புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றெல்லாம் சொன்னாள். வைக்கப் போகிற நேரத்தில், "அத்தை, கார் ஷெட் செவத்துல ஓட்டை போட்டாச்சுங்க. ஞாயித்துக்கிழமை அவரே பைப் வெச்சு, உள்ள இருக்கற பெட்டியிலருந்து ஷெட்டுக்குக் கரண்ட் இழுக்கப் போறாராம். ஆளே வேண்டாம்னுட்டாரு," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான், "மெயின் எங்க இருக்குது, கண்ணு?" என்று கேட்டேன். "அதுங்களா? மேல ஒரு வெள்ளைப் பெட்டி இருக்குதுங்க அத்தை. எனக்கு எட்டாது. அதெல்லாம் அவருதான் பாத்துக்குவாரு," என்றாள். ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. கடைக்காரர் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து மிளகைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார். "அவன் என்ன சின்னப் பையனா? பேக்டரியில அம்மாம் பெரிய மெசினையே பாத்துக்கறவன். நீ ஒண்ணும் கெளப்பாத," என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றார். "இருக்குதுங்க," என்றேன். மிளகு காய்ந்துதான் இருந்தது. இருட்டுகிற வரை அதைக் கிளறிக்கொண்டேயிருந்தார்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்தப் பெட்டியில் வரிசையாகச் சுவிட்சு இருக்கிறது, ஏதாவது தப்பென்றால் தானாகவே கீழே விழுந்துவிடும், பழைய காலம் மாதிரி இல்லை அம்மா என்பாய். போன தடவை வந்தபோது அப்படித்தான் விளக்கினாய். விழட்டும், விழுந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் விழாமல் போன ஒரு மத்தியானத்தைப் பற்றி உனக்கு நான் இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் உன் கண்ணால் பார்த்த துண்டு மட்டும். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு நீ சுவரில் கை வைக்கப் போகிறாய் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல முயன்றால் பாதியில் ஏதாவது வேலை என்று எழுந்து போய்விடுவேன்.

நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நாம் இருந்தது ஏரிக்கு மேலே, மேட்டு வீட்டில். வீட்டை ஒட்டியே ஜீப்புக்கு ஒரு ஷெட். வீட்டுச் சுவரும் ஷெட் சுவரும் ஒன்றுதான். கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். மழைக்காலம் முழுக்க அது தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். தொட்டால் கை சில்லிடும். மூடுபனி இறங்குகிற மாதங்களில் அப்பா ஆள் ஏற்றி ஓட்டிய ஜீப் காலையில் எழுந்திருக்காது. பேட்டரி செத்துக் கிடக்கும். மாரமங்கலத்துக்குப் போகிற ஆட்கள் குடையும் கூடையுமாக வாசலில் நிற்பார்கள். அப்பா வண்டியைச் சரிவில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யப் பார்ப்பார். ஒரு நாள் அப்படி உருண்டு, பிரேக் பிடிக்காமல், பக்கத்துத் தோட்டத்து வேலியில் போய் முட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சேலத்திலிருந்து பேட்டரி சார்ஜர் ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு ஷெட்டில் ஒரு பிளக் வேண்டும். விளக்கும் போட்டுக்கொண்டால் நல்லது.

ஒயர்மேனுக்குச் சொல்லி அனுப்பினோம். அந்த வருஷம் காற்று அதிகம். சில்வர் ஓக் மரங்கள் முறிந்து கம்பிமேல் விழுந்துகொண்டே இருந்தன. கரடியூர்ப் பக்கம் பல நாள் இருட்டு. அந்த மனுஷனுக்கு மலை முழுக்க வேலை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பைப்ப செவத்துல உட்டு, ஒயர அதுக்குள்ள இழுத்தா முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஆளு எதுக்கு?" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஜீப்பில் அவருக்குத் தெரியாத ஒயர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லுவார். ஆனால் பேட்டரிக் கரண்ட் ஆளைக் கொல்லாது. எத்தனையோ முறை வெறும் கையால் தொட்டும் அது அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக் கரண்டும் அதே சாதி என்று நினைத்துவிட்டார்.

எனக்கோ நேர் எதிர். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கரண்ட் என்றால் ஆகாது. நாங்கள் சிம்னி விளக்கில் வளர்ந்தவர்கள். கல்யாணமாகி மேலே வந்த புதிதில் சுவிட்சைக் கையால் தொடமாட்டேன். சாரணிக் கரண்டியின் மரப்பிடியால் தட்டிவிடுவேன். உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முன்கூடத்தில் உயரத்தில் இருந்த இரும்பு மெயின் பெட்டியை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். துடைப்பத்தால் ஒட்டடை அடிக்கும்போதும் அதைச் சுற்றி ஒரு முழம் விட்டுவிடுவேன்.

அப்பா உளியும் சுத்தியலுமாகச் சுவரைத் துளைத்தார். மண் உதிர்ந்து வீடெல்லாம் செம்புழுதி. ரம்பத்தால் இரும்பு பைப்பை அளவுக்கு அறுத்தார். கூட்டும்போது அந்த அறுத்த முனை என் விரலைக் கிழித்துவிட்டது. "ஏனுங்க, இது பிளேடாட்டம் இருக்குதுங்க," என்றேன். "உள்ளாற போற முனைதான? அங்க யாரு கை வெக்கப் போறா?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்த வாயை அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருக்க வேண்டும், ஒயரில் பட்டுக் கிழிக்காமல் இருக்க ஒரு வளையம் போட்டிருக்க வேண்டும், பைப்புக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு ஒயர்மேன் சொல்லித்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அன்றைக்கு மாலை ஷெட்டில் பல்பு எரிந்தபோது நீ கைதட்டிக் குதித்தாய். அப்பா உன்னைத் தூக்கி ஜீப் பானெட்டில் உட்காரவைத்தார். அடுத்த நாள் வண்டி ஒரே சாவியில் எழுந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஃபியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தது. அப்பா ஸ்டூலில் ஏறி பீங்கான் கட்டையைப் பிடுங்கி, மெல்லிய கம்பியைச் சுற்றி மறுபடி சொருகுவார். மறுநாள் மறுபடி போகும். "ஏனுங்க, அது ஏன் இப்புடிப் போவுது?" என்று கேட்டேன். "ஈரம் புள்ள, வேறென்ன," என்றார். கடைசியில் சீக்கிரம் உருகாத தடித்த கம்பியாகச் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. அவருக்கு நிம்மதி. எனக்கு அன்றிலிருந்துதான் நிம்மதி போனது. அடிக்கடி அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று சத்தமில்லாமல் கிடந்தால் எட்டிப் பார்ப்போமே, அப்படி இருந்தது. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஷெட்டின் வெளிச் சுவரில், பைப்பைப் பிடித்திருந்த ஆணியிலேயே துணி காயப்போடுகிற கம்பியையும் அப்பா முடிந்துவிட்டிருந்தார். ஒரு நாள் ஈரச் சேலையை அதில் போட்டபோது முழங்கை வரைக்கும் எறும்பு ஏறிய மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன். மறுபடி விரல் நுனியால் தொட்டேன். மறுபடி ஏறியது. அப்பா வந்ததும் சொன்னேன். மறுநாள் மழை விட்டு வெயில் வந்திருந்தது. ரப்பர் செருப்போடு வந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினார். "எங்க கடிக்குது? உனக்குக் கரண்ட் போஸ்ட்டப் பாத்தாலே கடிக்கும்," என்றார். பக்கத்து வீட்டுச் சரசக்கா வாசலில் நின்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் அன்றைக்கே கொய்யா மரத்துக்கும் வாழைக்குமாக ஒரு கயிறு கட்டி, துணியை அங்கே மாற்றிவிட்டேன். உன்னிடம் ஷெட்டுக்குள் போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாய். "சும்மா சொன்னாக் கேளு, சாமி," என்றேன். காரணம் சொல்லத் தெரியாதவள் சொல்லை எந்தக் குழந்தை கேட்கும்?

அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் போய்விட்டார். நான் வேலை பார்த்த பால்வாடியை மூடிவிட்டு மதியமே வந்துவிட்டேன். மழைக்கு உங்கள் பள்ளிக்கூடமும் சீக்கிரம் விட்டுவிட்டது. நீ வந்ததும் பையை வைத்துவிட்டு வெளியே போனாய். அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். உன் பம்பரம் ஷெட்டுப் பரணில் இருந்திருக்கிறது. மூலையில் கிடந்த பழைய டயர்மேல் ஏறி நின்று, சுவரோடு ஓடிய பைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதை எடுத்திருக்கிறாய். டயர்மேல் நின்றவரை ஒன்றும் ஆகவில்லை. பைப்பை விடாமலே இறங்கி, சேறான தரையில் வெறும் காலை வைத்திருக்கிறாய்.

நீ கத்துகிற சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை, கண்ணு. அதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் பிடித்தவர்கள் கத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பம்பரம் உருளுகிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. நீ இருக்கிற இடத்தில் ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அது இல்லை என்றதும் கை வேலையைப் போட்டுவிட்டு வந்தேன். ஷெட் வாசலில் நின்று பார்த்தால், நீ சுவர்ப் பக்கம் கையை நீட்டியபடி விறைத்து நிற்கிறாய். பல் கிட்டிப் போயிருக்கிறது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

நான் உன்னை நோக்கிக் கையை நீட்டிவிட்டேன். ஒரு எட்டு உள்ளேயும் வைத்துவிட்டேன். என் காலிலும் செருப்பில்லை, கை முழுக்க அரிசி கழுவிய தண்ணீர். அந்த ஈரத் தரையில் கால் பட்டதும், கொடிக் கம்பியில் ஏறிய அதே எறும்பு பாதத்தில் ஏறியது. அப்போது நான் திரும்பினேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். திரும்பி ஓடினேன்.

எத்தனையோ வருஷமாக அந்த நொடியை நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெயினை அணைக்க வேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் ஓடினேனா, பயத்தில் ஓடினேனா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கால் ஓடியது, அது முன்கூடத்தில் போய் நின்றது. அவ்வளவுதான் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும். ஸ்டூலைத் தேட நேரமில்லை. அரிசி மூட்டைமேல் ஏறி, நான் ஒருநாளும் தொடாத அந்தக் கைப்பிடியைப் பிடித்தேன். இறங்கவில்லை. துரு ஏறிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலை விட்டுவிட்டுத் தொங்கினேன். மாரியாத்தா, காளியாத்தா என்று யார் யாரையோ கூப்பிட்டேன். தடாலென்று அது இறங்கியதும் நானும் கீழே விழுந்தேன். சமையல்கட்டுப் பல்பு அணைந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

திரும்ப ஓடி வந்தபோது நீ டயர் ஓரமாக விழுந்து கிடந்தாய். உதடு நீலம். நெஞ்சு அசைகிறதா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. "சரசக்கா, சரசக்கா," என்று மட்டும் கத்தினேன். அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். என்னைப் போல அவள் நிற்கவில்லை. உன்னை ஒருக்களித்துப் போட்டாள், வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைப் பிரித்தாள், முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். "மூச்சு உடு சாமி, மூச்சு உடு ராசா," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவன் மாதிரி ஒரு சத்தத்தோடு நீ மூச்சை இழுத்தாய். அந்தச் சத்தம் இப்போதும் சில நாள் என்னை எழுப்பிவிடும். ரோட்டில் காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த எஸ்டேட் லாரியைச் சரசக்கா குறுக்கே போய் நிறுத்தினாள். டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, "ஏறுங்கம்மா," என்றார். ஆஸ்பத்திரி போகும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளங்கையில் புண், கொஞ்சம் காய்ச்சல். வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். சாயங்காலம் அப்பா வந்தார். நனைந்துபோய், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நீ அவரைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாய். அதுவரை நீ அழவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் நீ சொன்னாய்: "அம்மா என்னப் பாத்துச்சுங்கப்பா. பாத்துட்டு ஓடிப் போயிருச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் எங்கே ஓடினேன் என்று அவருக்குத் தெரியும். வெளியிலேயே சரசக்கா சொல்லியிருந்தாள். "எங்கயும் போவல சாமி, இங்கதான இருக்குது அம்மா," என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எங்கே ஓடினாள் என்று சொல்லப் போனால் எதற்கு ஓடினாள் என்று சொல்ல வேண்டும்; அந்த பைப்பை வைத்தது யார் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கலாம். எட்டு வயதுப் பிள்ளையிடம், நீ செத்துப்போக இருந்தாய் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், கை ஆறட்டும், கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

நீ கொஞ்ச நாள் என் பக்கத்தில் படுக்கவில்லை. அப்பாவின் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வாய். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் கையைப் பிடிக்காமல் என் புடவைக்குப் பின்னால் நடந்து வருவாய். நான் ஏதாவது எடுக்க வேகமாக எழுந்து போனால் உன் முகம் மாறும். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது, குழந்தைதானே, மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனே தவிர, நீ ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த வயதில் நான் கதவோரமாக வந்து நிற்பேன். "ஏம்மா இப்புடி வந்து வந்து நிக்கறீங்க?" என்று எரிந்து விழுவாய். போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு திரும்ப வருவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அப்பா அந்த பைப்பைப் பிடுங்கினார். ஒயரை வெளியே இழுத்தபோது, அறுத்த முனை பட்ட இடத்தில் ரப்பர் உரிந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு ஒயர்மேன் வந்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். பைப் வாயைத் தேய்த்து, எர்த் இறக்கி, ஃபியூஸுக்குச் சரியான கம்பி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது அப்பா அவரைத் திரும்பக் கூப்பிட்டார். "இந்த மெயினை எறக்கி வெச்சுருங்க. அவளுக்குத் தோள் ஒசரத்துக்கு வர்ற மாதிரி," என்றார். அதைப் பற்றி அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சாரணி தேவைப்படவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. மாதம் ஒருமுறையாவது, நீங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கைப்பிடியை இறக்கி ஏற்றிப் பார்ப்பேன். துரு பிடித்துவிடக் கூடாதே என்றுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நீ சுவரைத் துளைத்தது மட்டுமில்லை. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டு முகப்பில் சீரியல் விளக்கு கட்டினார்கள். தூறல் வேறு. கட்டுகிற பையனிடம் நான் போய், ஒயர் எங்கும் ஒட்டுப் போடவில்லையே என்று நாலைந்து தடவை கேட்டேன். நீ எல்லோர் முன்னாலும் கவிதாவிடம் சொன்னாய்: "எங்கம்மாவுக்குக் கரண்ட்னா நொம்ப பயம். சின்ன வயசுல எனக்கு ஷாக் அடிச்சப்ப என்னை அப்புடியே உட்டுட்டு ஓடிப்போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். கவிதாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். உள்ளே போய்ப் பாத்திரம் எடுக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அப்பா பந்தியைக் கவனிக்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அது எனக்கு வலித்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. நேற்று ஃபோனை வைத்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. அதிலிருந்துதான் இந்தக் கடிதம். அந்தச் சிரிப்பிலிருந்து கவிதா என்ன தெரிந்துகொண்டிருப்பாள்? கரண்ட் அடித்தவனை விட்டுவிட்டு ஓடுவது கோழைத்தனம், பாசமிருந்தால் பக்கத்தில் வந்து பிடிப்பார்கள் என்றுதானே? அவளுக்கு உன்மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமை நீ அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் அவள் ஓடமாட்டாள், கண்ணு. உன்னை வந்து பிடிப்பாள். பாப்பா தவழ்ந்து அவள் காலைப் பிடிக்கும். பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கும். நேற்றிலிருந்து கண்ணை மூடினால் இதுதான் தெரிகிறது. ஓசூருக்கும் எனக்கும் நடுவில் இத்தனை மலையும் ரோடும் இருக்கிறதே என்று இருக்கிறது.

அதனால் நீயே அவளிடம் சொல். உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி சொல்கிறாள் என்று ஆகிவிடும். அம்மா என்னை விட்டுவிட்டு ஓடினார்களே, அதனால்தான் இன்றைக்கு உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல். எனக்கு ஏதாவது என்றால் தொடாதே, திரும்பிப் பார்க்காதே, மெயினுக்கு ஓடு என்று சொல். உன் கண் அவளைக் கெஞ்சும். அதைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதே என்றும் சொல். நின்றுவிடத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை வந்து, "என்ன எழுதியிருக்கற?" என்றார். நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். அவரைப் பற்றிய இடங்களை அடித்துவிடச் சொல்வார் என்று பார்த்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டூல்ஸ் பெட்டியை நெம்புகிற சத்தம் கேட்டது. உருண்டை அரம் ஒன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார். "பைப் வாயை உள்ளாறயும் தேய்க்கணும்னு சொல்லு. விரல உட்டுச் சுத்திப் பாக்கச் சொல்லு. கீறுச்சுன்னா மறுபடி தேய்க்கணும்," என்றார். பிறகு, "எர்த்து மொதல்ல. அப்புறம் பாத்துக்கலாம்னு வெக்க வேண்டாம்னு சொல்லு," என்றார். இத்தனை வருஷத்தில் அந்த பைப்பைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

நான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. கீழே போகிற கடைக்காரர் மகனிடம் கொடுத்து, சேலம் பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ் கண்டக்டர் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கவிதாவுக்கும் ஃபோனில் சொல்லிவிடுகிறேன். நீ போய் வாங்கிக்கொள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அந்த அரத்தோடு இறங்கிவிடுவேன். அதுவரை அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். எலி வராமல் ஒரு துணியை அடைத்து வை. பெட்டியை இறக்கி வைக்க ஆள் சொல்லிவை. கவிதாவின் தோள் உயரம் போதும். ஞாயிற்றுக்கிழமை நீ வேலையை ஆரம்பிக்கும் முன்னால் அவள் கையாலேயே மெயினை இறக்கிப் பார்க்க வேண்டும், வீடு இருட்டாவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நீ பாட்டுக்குச் சுவரில் வேலை செய். நான் குறுக்கே வரமாட்டேன், தொணதொணக்கவும் மாட்டேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புப் போட்ட காலோடு, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். நீ என்ன செய்கிறாய் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டேன். கவிதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். அவள் கூப்பிட்டால் மெயினை இறக்க, அவள் குரல் கேட்கிற தூரத்தில்தான் நான் நிற்பேன்.

உன் அம்மா